சட்னி பட்ட வரி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பழைய தாளில் ஒரே ஒரு பெயரை எழுதித் தரும்படி ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டவர் வீரய்யா. அட்டன் பட்டணத்துக் குப்பையை லொறியில் அள்ளிப் போகும் ஒப்பந்தக்காரர். வருகிற வியாழக்கிழமை நுவரெலியாவில் அவருடைய பிரஜாவுரிமை விசாரணை. 1939 முதல் 1945 வரை ஏழு வருடமும் இந்த நாட்டைவிட்டு நகராமல் இருந்தார் என்று, வருடத்துக்கு ஒரு தாளாவது வைத்து, எழுத்தில் காட்ட வேண்டும். ஆறு வருடத்துக்குத் தாள் கிடைத்துவிட்டது. ஏழாவது தாள், 1942ஆம் வருடத்துத் தாள், இதோ என் மேசையில் கரும்பலகைச் சுண்ணக்கட்டிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சட்னி ஊறி மை கரைந்துவிட்டது. அந்த இடத்தில்தான் நான் எழுத வேண்டும். எழுதினால் அவர் இலங்கைக்காரர் ஆகலாம். எழுதாவிட்டால் அவர் எந்த ஊர்க்காரர் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

இன்று திங்கட்கிழமை, 1957 ஆனி மாதம். பள்ளிக்கூடம் விட்டாயிற்று. என் பெயர் மரியநாயகம்; தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். என்னுடைய இரண்டு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. அதனால் சிலர் என்னை எழுத்தாளர் என்கிறார்கள். என் மனைவி ஜோசப்பின் அப்படிச் சொல்வதில்லை.

2

முதல் தொடக்கம்:

பனிமூட்டம் மலைகளைப் போர்த்தியிருந்த ஒரு காலையில், தலையில் கம்பளிக் கொங்காணியுடன் வீரய்யா

(விட்டுவிட்டேன். மலைநாட்டுக் கதை என்றால் பனிமூட்டத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டமாதிரி எல்லோரும் எழுதுகிறோம். இப்போது ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.)

இரண்டாவது தொடக்கம்:

வாசல்கூட்டியின் மகனாகப் பிறந்து லொறி முதலாளியாக உயர்ந்த உத்தமர் ஒருவரின் வரலாறு இது. உழைப்பே

(இதுவும் வேண்டாம். இப்படி எழுதினால் வாசகருக்குச் சந்தேகம் வரும். எனக்கே வருகிறது. தவிர, உத்தமர் என்று எழுதியதும் கை தானாக அந்தத் தாளின் பக்கம் போகிறது. உத்தமருக்கு ஒரு பெயர் எழுதிக் கொடுத்தால் என்ன என்று. ஆகவே அவரை அவ்வளவு நல்லவராக்கக் கூடாது.)

மூன்றாவது தொடக்கம்: 1949இல் வீரய்யா ஒரு மாட்டுவண்டியை வாடகைக்கு எடுத்தார்.

இது இருக்கட்டும். வண்டி ஓடும்.

3

ஊசிப்பாறைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களையும் கக்கூஸ்களையும் கூட்டிக் கழுவிய குடும்பம் அவருடையது. (தோட்டத்தின் பெயரை மாற்றியிருக்கிறேன். அப்படி ஒரு தோட்டத்தைத் தேடிப் போக வேண்டாம்.) அம்மா காளியாயி விளக்குமாறு பிடிப்பார், மகன் வாளி தூக்குவார். அந்தத் தோட்டத்தில் எண்பது குடும்பம். எல்லாருடைய வாசலுக்கும் அவர்கள் போனார்கள், யாருடைய படியையும் ஏறவில்லை.

அட்டன் கடைத்தெருவுக்குப் பின்னால் அழுகிய முட்டைக்கோவா இலையும் மீன்பெட்டியும் மலைபோலக் கிடந்த இடத்தில் ஒருநாள் வீரய்யா நின்று பார்த்தார். பட்டணத்துக்கு அது தொலையவேண்டிய பொருள். பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்களுக்கோ எரு வேண்டும். நடுவில் ஒரு வண்டிதான் இல்லை. இந்த முனையில் எடுப்பதற்கும் கூலி, அந்த முனையில் கொட்டுவதற்கும் கூலி என்று அவர் கண்டுகொண்டதை, கணக்கு சொல்லிக்கொடுக்கும் நான் அதுவரை கண்டுகொள்ளவில்லை.

மூன்று வருடத்தில் ஒரு பழைய ஆர்மி லொறி வாங்கினார். அதன் நெற்றியில் காளியம்மன் துணை என்று எழுதவைத்தார். குப்பை வெளியே தெரியாதபடி தார்ப்பாய் போட்டு மூடுவார். வேலை முடிந்ததும் ஆற்றில் இறக்கிக் கழுவி, சாம்பிராணி காட்டுவார். நாலு பேர் அவரிடம் வேலை செய்தார்கள். அதுவரை அவரை 'நீ' என்று கூப்பிட்டுவந்த நான், லொறி வந்த அன்றிலிருந்து 'நீங்க' என்றேன். அவர் அதைக் கவனித்தார் என்றே நினைக்கிறேன்.*

* (திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்ற அந்த லொறியைத்தான் கோயில்காரர்கள் கேட்டார்கள். கூடவே, டிரைவரை மட்டும் நாங்க போட்டுக்கறோம் என்றார்கள். வீரய்யா சாவியைக் கொடுத்தார்.)

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. எடுக்கிற குப்பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. அவரும் பார்க்க மாட்டார், ஆட்களும் கிளறக் கூடாது.

"வீசுறவங்களுக்கு ஒரு வெக்கம் இருக்கும் மாஸ்டர்," என்று ஒருமுறை சொன்னார். "நம்ம பாத்துட்டோம்னு தெரிஞ்சா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க. மொகத்த அந்தாண்ட திருப்பிக்கிட்டு அள்ளணும். அதுதான் இதுல மொதலு."

ஹோட்டல்காரர், டாக்டர், துரைமார் பங்களா, எல்லாரும் அவரையே கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். அந்தச் சட்டம்தான் அவரைக் கவிழ்த்தது. (இப்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது கதைக்கு நல்லதில்லை என்பார்கள். எனக்கு இருக்கிற பதற்றத்தில் எதையும் ஒளித்துவைக்க முடியவில்லை. ஒன்றைத் தவிர. அதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.)

4

1955இல் ஊசிப்பாறைத் தோட்டம் கைமாறியது. புதுத் துரை வருவதற்கு முன்னால் ஆபிஸைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. பெரிய கிளாக்கர் வீரய்யாவுக்கு ஆள் அனுப்பினார்.

"பின்னால இருக்கிற அறை முழுக்கப் பழைய கடதாசி. கறையான் ஏறிப்போச்சு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காலியாகணும்," என்றார் கிளாக்கர்.

"ஆகிடும்ங்க," என்றார் வீரய்யா.

அந்த அறையில் இருந்தவை செக்ரோல்கள். காலைப் பெரட்டு வரிசையில் யார் யார் வேலைக்கு நின்றார்கள் என்று நாள்வாரியாகக் குறிக்கும் பெரிய பெயர்ப் புத்தகங்கள். இருபது வருடத்துப் புத்தகங்கள். எண்பது குடும்பத்தின் பெயரும் அவற்றில்தான் இருந்தது. பிறந்த பதிவுத் துண்டு இல்லாதவர்களுக்கு, கப்பல் டிக்கட்டைத் தொலைத்தவர்களுக்கு, இந்த நாட்டில் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

வீரய்யாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார். பன்னிரண்டு மணிக்கு முன்பே அறை காலி. பழைய கடதாசிக்குக் கடைகளில் நல்ல கிராக்கி என்பதால் எரிக்காமல், அட்டையைக் கிழித்து, தாளாக்கி, அட்டனிலும் மஸ்கெலியாவிலும் வடைக் கடைகளுக்கும் பட்டாணிக் கடைகளுக்கும் கொடுத்தார். புத்திசாலித்தனமான வியாபாரம்தான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

லொறி லயத்தைக் கடந்தபோது தார்ப்பாய் ஓரமாகச் சில தாள்கள் பறந்து விழுந்தன. காளியாயி அவற்றைக் கூட்டிச் சேர்த்து, வாசலில் குப்பை கிடக்கக் கூடாதே என்று நெருப்பு வைத்தார்.

இந்த இடத்தை மூன்று முறை எழுதி அடித்தேன். ஒரு முறை அவரை எரிக்கவிடாமல் தடுத்துப் பார்த்தேன். ஒரு முறை காற்றை எதிர்ப்பக்கம் வீசவைத்தேன். பொய்யாகப் பட்டது. அந்த அம்மாள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். என்னால் அடிக்க முடியாதது அதுதான்.

5

போன மாசி மாதம் கடிதம் வந்தது. 1951இல் எல்லோரையும்போல அவரும் மனுப் போட்டிருந்தார். ஆறு வருடம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். செக்ரோல் கொண்டுவரச் சொல்லியிருந்தது. கடிதத்தை என்னிடம் எடுத்துவந்தார். வாசித்துச் சொன்னேன்.

"செக்ரோல்னா, அந்தப் பெரிய பொஸ்தகமா?"

"ஆமாங்க. கட்டம் கட்டமாக் கோடு போட்டிருக்கும்."

அவர் என் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "கோடு போட்டிருந்திச்சுங்க," என்றார்.

அதே மாதம் குப்பை ஒப்பந்தத்துக்குப் புதிய மனுத்தாள் வந்தது. அதில் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் இலக்கத்தைக் கேட்டிருந்தார்கள். ஆடி முதல் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

அதன் பிறகு வீரய்யா கடை கடையாக ஏறினார். கொடுத்த கடதாசியைத் திரும்பக் கேட்டார். அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வடைக் கடை வைத்திருந்த வேலாயி சிரித்துவிட்டாராம்.

"கடதாசியக் கொண்டு போய்ட்டா வடைய வெறுங்கையிலயா குடுக்கச் சொல்றீங்க?"

அவருக்குப் பழைய பத்திரிகைக் கட்டு இரண்டு கொடுத்து மிச்சமிருந்த தாள்களை வாங்கினார். 39உம் 40உம் அங்கே கிடைத்தன. மஸ்கெலியாப் பட்டாணிக் கடையில் 41. இப்படி ஆறு. கோடு போட்ட தாள் எதைக் கண்டாலும் என்னிடம் கொண்டுவருவார், நான் வாசிப்பேன். பெரும்பாலும் மற்றவர்களின் பெயர்கள் இருக்கும். அவற்றை ஒரு தேயிலைப் பெட்டியில் போட்டுக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனம் வந்து வரிசையில் நிற்கும். சிலருக்குத் தங்கள் பெயர் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் காளியாயியின் குடத்துக்கு இப்போது யாரும் முறை விடுவதில்லை.

42 மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. அது எங்கே போயிருக்கும் என்று வீரய்யாவுக்கு ஒருநாள் விளங்கியது. வடையைத் தின்றவர்கள் தாளை எங்கே போடுவார்கள்? குப்பையில். குப்பையை யார் அள்ளுகிறார்? அன்றைக்குத்தான் அவர் தன் சட்டத்தை மீறினார். லொறியை ஆற்றங்கரையில் நிறுத்தி, தார்ப்பாயை விலக்கி, தானே மேலே ஏறிக் கிளறத் தொடங்கினார். ஒன்பது வாரம் தினமும் கிளறினார். ஆட்கள் கீழே நின்று பார்த்தார்கள். ஹோட்டல்காரர் கேள்விப்பட்டு வேறு ஆளை விசாரிக்கத் தொடங்கினார்.

போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. கசங்கி, எண்ணெயும் சட்னியுமாக. அதைக் கழுவக்கூடப் பயந்து, வாழையிலையில் வைத்து, குழந்தையைத் தூக்குவதுபோல இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

6

ஒளித்துவைத்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தாளை விரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்து என்னுடையது. 1942இல் எனக்குப் பதினெட்டு வயது. மாஸ்டர் வேலை கிடைக்கும்வரை ஊசிப்பாறை ஆபிஸில் செக்ரோல் எழுதினேன். அப்பா அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தார், அதனால் வேலை சுலபமாகக் கிடைத்தது. அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எழுதியவன் நான்தான். சட்னி தின்ற பெயரையும்.

(இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நீங்கள் இரண்டாம் பகுதியிலேயே, அப்புறம் என்ன, எழுதிக்கொடுக்க வேண்டியதுதானே என்று சொல்லியிருப்பீர்கள். கதையும் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குத் தாமதிக்க வேண்டியிருந்தது.)

சாட்சி சொல்லலாமே என்பீர்கள். அதையும் கேட்டேன். அட்டனில் வக்கீல் தொழில் செய்கிற புரொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"எழுதினவரே வந்து நிண்டால், எப்ப எழுதினனீர் எண்டு கேப்பினம். பிறகு மற்ற ஆறு தாளிலும் சந்தேகம் வரும். நீர் அந்தப் பக்கமே வரவேண்டாம். தாளில பேர் இருந்தால் இருக்கு, இல்லையெண்டால் இல்லை."

ஜோசப்பினிடம் சொன்னேன். போன வருடம்தான் எங்கள் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. டிரங்குப் பெட்டியில், அவளுடைய கலியாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்ததால் எங்கள் காகிதங்கள் வீட்டிலேயே பத்திரமாக இருந்தன; யாரும் லொறியில் அள்ளவில்லை.

"எழுதுங்க," என்றாள் அவள், அரிசி புடைத்தபடியே. "எழுதறதுக்கு முன்னால பெட்டியத் தெறந்து நம்ம பத்திரத்தையும் ரெண்டு பிள்ளைங்களையும் ஒருதரம் பாத்துட்டு எழுதுங்க."

பார்த்தேன். நான் பயந்தவன் என்பதை இந்தக் கதையில் எங்கேயாவது எழுத வேண்டியிருந்தது. இங்கே எழுதிவிட்டேன்.

7

பயம் மட்டும் என்றால் ஒருவேளை மீறிவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது.

தாளின் கடைசிப் பகுதியில் வாசல்கூட்டிகளும் தண்ணிக்காரரும். முதல் வரி காளியாயி. இரண்டாவது வரி சட்னி. மூன்றாவது வரி தண்ணிக்கார ஆண்டியப்பன், அவர் காலமாகிவிட்டார். இரண்டாவது வரியில் பெயர்தான் போய்விட்டதே தவிர, வலப்பக்கத்து நாள்கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. இருபத்திரண்டு நாள் வேலை. யாரோ ஒருவர் அந்த மாதம் இருபத்திரண்டு நாள் எங்கள் வாசலைக் கூட்டியிருக்கிறார்.

வீரய்யாதானா?

அந்த யுத்தகாலத்தில் ஒரு சமயம், வீரய்யாவுக்குப் பதிலாக ஒரு புது ஆள் இரண்டு மாதம் வாளி தூக்கினான் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவனுக்கு ஒரு காது சிறியது. அது 42இலா, 43இலா? வீரய்யா அப்போது தங்கச்சி கலியாணத்துக்காகத் திருச்சிப் பக்கம் போய்வந்தார் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. போயிருந்தால், ஏழு வருடம் அறுந்துவிடும். அந்த வரியில் நான் எழுதிய பெயரும் அவருடையதாக இருக்காது. போகவில்லை என்றால், அவருடைய பெயரைத்தான் நான் எழுதியிருப்பேன்.

காளியாயியிடம் கேட்டேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"எம் மவன் எங்கயும் போகல சின்னையா. மஞ்சக் காமாலையில லயத்துக்குள்ள கெடந்தான். கீழாநெல்லி அரச்சுக் குடுத்தது நானு. நீங்க தெனமும் எங்க வாசலத் தாண்டித்தான ஆபிசுக்குப் போனீங்க. ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. அவர்கள் குடியிருந்த அந்த லயத்தின் கடைசி அறையை நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பெரட்டில் கங்காணி பெயர் சொல்லச் சொல்ல, தலையைத் தூக்காமல் எழுதினேன். வீரய்யா பார்க்காமல் அள்ளினார் என்று நான்காம் பகுதியில் எழுதினேனே, நான் பார்க்காமல் எழுதினேன். என் கையெழுத்தில் இருந்த ஒரு பெயர் எனக்கே நினைவில்லை. காமாலை உண்மையென்றால் அவர் நாட்டிலேயே இருந்தார்; ஆனாலும் அந்த வரி புது ஆளுடையதாக இருந்திருக்கலாம்.

எழுத்தாளன் தன் பாத்திரத்தைச் சந்தேகிக்கலாம் என்பார்கள். அது கதையில் சுகமாகத்தான் இருக்கும். இந்தப் பாத்திரம் நாளை மறுநாள் என் வாசலில் வந்து நிற்கும்.

8

முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

அ. எழுதுகிறேன். விசாரணை அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஏழு தாளையும் ஒன்றாக அடுக்குகிறார். சரி என்கிறார். வீரய்யா ஆடி முதல் தேதிக்குள் மனுக் கொடுக்கிறார். லொறி ஓடுகிறது. நான் ஒவ்வொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதும், ஒரு காது சிறிய அந்த மனிதன் எங்கே இருக்கிறானோ என்று

ஆ. எழுதுகிறேன். நீலக் கறுப்பு மை பதினைந்து வருடத்தில் கறுத்துவிடும். புதிது நீலமாகவே தெரியும். அதிகாரிக்கும் அது தெரியும். இது யார் எழுத்து என்று கேட்கிறார். வீரய்யா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நான் இல்லை, வீட்டில் இருக்கிறேன். வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. ஜோசப்பின் டிரங்குப் பெட்டியை

இ. எழுதவில்லை. பெயர் இல்லாத வரி பெயர் இல்லாத வரிதான் என்கிறார்கள். ஒப்பந்தம் வேறொருவருக்குப் போகிறது, லொறியும்தான். அதே லொறியில், பின்னால் ஏறி நின்று அள்ளுகிற ஆளாக வீரய்யா ஒருநாள் பள்ளிக்கூடத்தைக் கடந்துபோகிறார். நான் அவரை மறுபடியும் 'நீ' என்று கூப்பிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றையும் முடிக்க முடியவில்லை.

9

புதன்கிழமை, மாலை நாலு மணி. லொறி வந்து நிற்கும் சத்தம். இந்தத் தாள்களை அவசரமாக அடுக்கினேன். வீரய்யா உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, நாளைக்கென்று இன்றே சவரம் செய்திருந்தார். எப்போதும்போல இன்றும் நாற்காலியில் உட்காரவில்லை.

மேசையில் இருந்த கட்டைப் பார்த்தார். "நெறைய எழுதியிருக்கீங்களே மாஸ்டர்."

"உங்களப் பத்தித்தான்."

"இவ்வளவுமா?" என்றார். அப்புறம், சுண்ணக்கட்டிப் பெட்டிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தார். "அதுல?"

பதிலுக்கு, மூன்று நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "நாப்பத்திரண்டுல நீங்க எங்க இருந்தீங்க வீரய்யா? ஊருக்குப் போனீங்களா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"நான் போகலைன்னு சொன்னா நம்பவா போறீங்க? நம்புறதா இருந்தா கேட்டிருக்க மாட்டீங்க." துண்டை மறுபடியும் தோளில் போட்டார். "நீங்கதான மாஸ்டர் எழுதினீங்க. அப்ப நான் அந்தப் பொஸ்தகத்த தெறந்துகூடப் பாத்ததில்ல. யாரு பேரு இருந்திச்சுன்னு உங்களுக்குத்தான தெரியணும்."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் கண் தாளில் இருந்தது, அவர் கண் என் முகத்தில் இருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. எத்தனை வீட்டு வாசலில் நின்று பழகிய மனிதர். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்; எனக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றார்.

"நீங்க எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி. நான் பாக்கல மாஸ்டர். தாளை மடிச்சுக் குடுங்க, அப்படியே கொண்டுபோறேன்."

இன்னும் அப்படியே நிற்கிறார். நான் இந்த வரிகளை அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். பெயரைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு பெயருக்கு இவ்வளவு நேரம் ஆகுமா என்றும் நினைத்திருப்பார்.

இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். தாளைச் சுண்ணக்கட்டிப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து உங்கள் முன்னால் வைக்கிறேன். செக்ரோல் ஆங்கிலத்தில் எழுதப்படுவது, உங்களுக்காகத் தமிழில்:

ஊசிப்பாறைத் தோட்டம், ஆடி 1942

காளியாயி . . . . . . . . 24 நாள்
. . . . . . . . . . . . . . . . 22 நாள்
ஆண்டியப்பன் . . . . . . 25 நாள்

பேனா இதோ. மை நிரப்பியிருக்கிறேன். நான் எழுந்து போய் ஜன்னலருகே வீரய்யாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு. நாங்கள் இருவரும் பார்க்க மாட்டோம்.